பள்ளி ஊழியர்களைப் புது லேப்டாப்புக்கு மாற்றுவது எப்படி: பழையதைத் திறந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஸ்டாஃப் ரூமில் பத்து வருடமாக ஓடும் லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசசராக இருந்தால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், அவ்வளவு பழைய லேப்டாப்பில் அதற்கு வழியில்லை. அதனால் நிர்வாகம் புதிதாக வாங்கிவிடுகிறது. வாங்கியதைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் பொறுப்பு கம்ப்யூட்டர் சார் தலையிலோ கம்ப்யூட்டர் மிஸ் தலையிலோ விழுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். இந்த வேலையை இரண்டு தடவை செய்திருக்கிறேன். முதல் தடவை, வெள்ளிக்கிழமை மாலை பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பழையதை எல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டினோம். திங்கள்கிழமை முதல் பீரியட் முடிவதற்குள் தமிழாசிரியர் ஐயா லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு லேபுக்கு வந்துவிட்டார். திரையில் அவருடைய பத்தாம் வகுப்பு வினாத்தாள். 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் அவற்றுக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பக்கம் முழுக்க அப்படியே. "சார், பதினாலு வருஷமாச் சேர்த்து வச்சது. எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டார். ஒன்றும் போகவில்லை, பாமினி எழுத்துரு புது லேப்டாப்பில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் நான் அதைச் சொல்லி முடிக்கும் வரை அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். ஒருவருடைய பழைய லேப்டாப்பை அவர் பக்கத்தில் உட்கார்ந்து திறந்து பார்க்காமல் புதியதை அவர் கையில் கொடுக்கக் கூடாது. இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தோம், கூடுதலாக ஒன்றரை வாரம் ஆனது, ஆனால் ஒருவர்கூட லேபுக்கு ஓடி வரவில்லை.

1. நாள் குறிப்பது

மே மாதம் தான் நல்லது. அது முடியாவிட்டால் அரையாண்டுத் தேர்வு விடுமுறை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு நாமினல் ரோல் (தேர்வு எழுதும் மாணவர் பட்டியல்) சரிபார்க்கும் வாரத்திலும், மதிப்பெண் ஏற்றும் வாரத்திலும், பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சிலும் யாருடைய லேப்டாப்பையும் தொடாதீர்கள். ஹெச்எம் அவசரப்படுத்தினாலும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்டேட் நின்றுவிட்டதே, காத்திருக்கலாமா என்று கேட்பார்கள். கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் நீட்டிப்பு தருகிறது, கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. வால்யூம் லைசென்ஸ் (மொத்தமாக வாங்கும் உரிமம்) வைத்திருக்கும் பள்ளி அதை வாங்கிக்கொண்டு நிதானமாக மாற்றலாம். ஆகவே தேர்வு நேரத்தில் மாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். முதலில் மூன்று பேர்: ஆபீஸ் ஊழியர் ஒருவர், தமிழில் நிறைய டைப் செய்யும் ஆசிரியர் ஒருவர், கணினி என்றாலே தயங்கும் ஒருவர். அந்த மூன்றாவது ஆளை விட்டுவிடாதீர்கள், நமக்குத் தோன்றாத கேள்வி எல்லாம் அவரிடமிருந்துதான் வரும். இந்த மூவரும் ஒரு வாரம் பயன்படுத்திய பிறகு மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

2. ஆளுக்கு இருபது நிமிடம், பழைய லேப்டாப்புக்கு முன்னால்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரோடும் உட்காருங்கள். "உங்க ஃபைல் எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டால் "டெஸ்க்டாப்புல" என்றுதான் பதில் வரும். அதை நம்பி டெஸ்க்டாப்பை மட்டும் நகல் எடுத்தால் பாதி விடுபட்டுப் போகும். "நேத்து என்ன வேலை செஞ்சீங்க, அதைத் திறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். அவர்கள் கை எங்கே போகிறதோ அங்கேதான் ஃபைல் இருக்கிறது. டி டிரைவில் வேறொரு ஆசிரியர் பெயரில் உள்ள ஃபோல்டர், வாட்ஸ்அப்பில் வந்து டவுன்லோட்ஸிலேயே தங்கிவிட்ட மதிப்பெண் பட்டியல், எக்ஸெல்லில் 'சமீபத்தியவை' வரிசையிலிருந்து மட்டுமே திறந்து திறந்து எந்த இடத்தில் இருக்கிறது என்றே மறந்துபோன வருகைப் பட்டியல், எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். எந்தெந்த ஃபோல்டர், எந்த மென்பொருள், எந்த பிரிண்டர், தமிழ் எதில் டைப் செய்கிறார், எந்தெந்தத் தளத்தில் நுழைகிறார். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். இஎம்ஐஎஸ், யூடைஸ் பிளஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளங்கள்), பள்ளி மின்னஞ்சல், வங்கி என்று ஒவ்வொன்றின் கடவுச்சொல்லும் பிரவுசரில் சேமித்து வைத்ததாக இருக்கும், அவர்களுக்கு அது நினைவிலேயே இருக்காது. விண்டோஸுக்குப் போடும் நான்கு இலக்கப் பின் நம்பரும் அப்படித்தான், அது அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் உரியது, புதியதில் கேட்பது மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான கடவுச்சொல், அதை அவர்கள் ஐந்து வருடமாக டைப் செய்ததே இல்லை.

ஆகவே பழைய லேப்டாப் கையில் இருக்கும்போதே ஒவ்வொரு தளத்திலும் ஒரு தடவை வெளியே வந்து மறுபடி உள்ளே போகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அங்கேயே புதுக் கடவுச்சொல் போடலாம். ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது என்பதையும் அப்போதே பாருங்கள். ஓய்வு பெற்றுப் போன ஹெச்எம் எண்ணுக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம். நல்லவேளை, அவரே எடுத்துப் பேசி எண்ணை மாற்ற உதவினார்.

குரோமில் சேமித்த கடவுச்சொற்களை ஒரு ஃபைலாக இறக்கிப் புதியதில் ஏற்றும் வசதி இருக்கிறது. அந்த ஃபைலில் எல்லாக் கடவுச்சொல்லும் பூட்டில்லாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம், ஏற்றிய உடனே அதை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

3. தமிழ் எழுத்து

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கணினிக் கடைக்காரருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் அவர் வேலையாக நினைக்க மாட்டார்.

நம் பள்ளிகளில் தமிழ் ஃபைல்கள் இரண்டு வகை. ஒன்று யூனிகோட், எந்த லேப்டாப்பிலும் போனிலும் தமிழாகவே தெரியும். இன்னொன்று பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தவை. இவற்றுக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கான எண்கள்தான், மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகி ஆங்கிலம் தெரிகிறது.

முதல் வேலையாகப் பழைய லேப்டாப்பில் எழுத்துரு ஃபோல்டரைத் திறந்து, விண்டோஸோடு வராமல் பின்னால் சேர்த்த தமிழ் எழுத்துருக்களை ஒரு ஃபோல்டரில் நகல் எடுங்கள். உரிமத்தோடு வாங்கியதாக இருந்தால் புதியதில் போட உரிமம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதியதில் வேறு எதையும் நிறுவும் முன் இவற்றைப் போட்டுவிட்டால் திங்கள்கிழமை காலைக் கலக்கம் பெருமளவு குறைந்துவிடும்.

லதா எழுத்துருவில் ஒரு சிக்கல் உண்டு. அது விண்டோஸிலேயே வருவது என்று நினைத்திருப்போம். விண்டோஸ் 10, 11-ஐப் புதிதாக நிறுவும்போது லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை, செட்டிங்ஸில் விருப்ப வசதிகள் பகுதிக்குப் போய்த் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வேர்டு அந்த இடத்தில் நிர்மலா என்ற எழுத்துருவைப் போட்டுக் காட்டும். தமிழ் தமிழாகத்தான் தெரியும், ஆனால் எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் நகர்ந்து, நான்கு பக்க வினாத்தாளில் கடைசி நெடுவினா பக்கம் தாண்டி நிற்கும். அச்சகத்துக்குப் போகும் முந்தின நாள் இதைப் பார்த்த ஆசிரியரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமா என்ற கேள்வி. எல்லாவற்றையும் மாற்றாதீர்கள் என்பது என் கருத்து. மாற்றி மென்பொருளுக்கு எது தமிழ், எது நிஜமான ஆங்கிலம் என்று தெரியாது. அறிவியல் வினாத்தாளில் நடுநடுவே வரும் ஆங்கிலச் சொல்லும் வேதியியல் குறியீடும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும், அதை வரிவரியாகத் திருத்துவதற்குப் புதிதாகவே அடித்துவிடலாம். நாங்கள் செய்தது இது: பழைய வினாத்தாள்களை எல்லாம் பழைய லேப்டாப்பில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கினோம், அதில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், எங்கே திறந்தாலும் படிக்கலாம். அப்புறம், வருகிற ஆண்டு திருத்திப் பயன்படுத்தப்போகிற ஃபைல்களை மட்டும் ஆசிரியரே தேர்ந்தெடுத்தார். ஐயா 14 வருடச் சேமிப்பிலிருந்து எடுத்தது 22 ஃபைல். அவற்றை மட்டும் பத்தி பத்தியாக மாற்றி, அவரையே படித்துப் பார்க்கச் சொன்னோம். மூல ஃபைலை அழிக்கவில்லை.

கடைசியாக விசைப்பலகை. தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகை முறையைத் தரமாக 1999-லேயே அறிவித்துவிட்டது, விண்டோஸ் 11-இலும் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் அது கிடைக்கும். ஆனால் தட்டச்சு லோயர், ஹையர் தேறிவிட்டு இருபது வருடமாகப் பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பவரிடம் போய் இனிமேல் தமிழ் 99 தான் என்று சொல்வது நியாயமில்லை. விரலில் பதிந்தது ஒரு வாரத்தில் மாறாது. என்ஹெச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய டைப்ரைட்டர், பாமினி, தமிழ் 99, ஒலிபெயர்ப்பு என எல்லா முறையும் உண்டு, எந்த முறையில் அடித்தாலும் விழுவது யூனிகோட். விரல் பழையபடியே இருக்கட்டும், ஃபைல் மட்டும் புது வகைக்கு வரட்டும். முதலில் ஒரு லேப்டாப்பில் போட்டு வேர்டிலும் பிரவுசரிலும் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றில் போடுங்கள்.

4. பெட்டியைப் பிரித்ததும்: கணக்கு யாருடையது?

புது லேப்டாப் முதலில் கேட்பது மைக்ரோசாஃப்ட் கணக்கு. இங்கே அவசரத்தில் யாரோ ஒருவருடைய சொந்த ஜிமெயிலைக் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. லேப்டாப்போடு எம்எஸ் ஆபீஸ் மென்பொருள் வந்திருந்தால் அது முதலில் எந்தக் கணக்கில் செயல்படுத்தப்படுகிறதோ அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போனால் ஆபீஸும் அவர் கணக்கிலேயே போய்விடும்.

பள்ளிப் பெயரில் கணக்கு வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஏ1 கல்வித் திட்டமும், கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கல்விப் பதிப்பின் அடிப்படைத் திட்டமும் தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசம். பள்ளிக்குச் சொந்தமாக ஒரு டொமைன் (இணைய முகவரி) இருந்தால் போதும், விண்ணப்பித்துச் சரிபார்ப்பு முடியச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால் லேப்டாப் வருவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது டிரைவ் பூட்டு. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் கணக்கோடு நுழைந்த உடனே வட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. இது நல்லதுதான், பஸ்ஸில் தொலைந்தாலும் மாணவர் விவரத்தை யாரும் எடுக்க முடியாது. ஆனால் பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆன மறுநாள் காலை நீலத்திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கலாம். எங்களுக்கு இது ஒரு தடவை நடந்தது. கடையிலிருந்து வந்தவர் ஏதோ ஒரு தற்காலிகக் கணக்கில் அமைத்துவிட்டுப் போயிருந்தார், அந்தக் கணக்கு என்ன என்று அவருக்கே நினைவில்லை. வட்டை முழுக்க அழித்துத்தான் அந்த லேப்டாப்பை மீட்டோம், அதில் நகல் எடுக்காத பதினோராம் வகுப்பு அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் இருந்தன. அந்த டீச்சர் மூன்று நாள் உட்கார்ந்து விடைத்தாள்களைப் பார்த்து மறுபடி ஏற்றினார். ஒவ்வொரு லேப்டாப்பின் மீட்பு எண்ணையும் அமைக்கும் நாளிலேயே அச்செடுத்து, அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணோடு சேர்த்து ஹெச்எம் அறைப் பீரோவில் வையுங்கள்.

ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்): அமைக்கும்போதே டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் இரண்டையும் அது தன்னிடம் இழுத்துக்கொள்ளும். இலவசக் கணக்கில் 5 ஜிபிதான், ஆண்டு விழா வீடியோ இரண்டு வைத்தாலே நிறைந்துவிடும், அப்புறம் எது எங்கே இருக்கிறது என்ற குழப்பம். பள்ளிக் கணக்கில் போதிய இடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த வசதியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

ஆபீஸ் ரூமில் டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிறது என்றால், பழைய கணினியில் உரிமத்தைத் திருப்பி ஒப்படைத்த பிறகுதான் புதியதில் செயல்படுத்த முடியும். வட்டை அழித்துவிட்டு இது நினைவுக்கு வந்தால் டேலியின் உதவி மையத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால் அதன் டிரைவரையும் போட்டு ஒரு தடவை கையொப்பமிட்டுப் பாருங்கள்.

5. வயரும் துளையும்

சின்ன விஷயம், ஆனால் வகுப்பை நிறுத்திவிடும். பழைய புரொஜெக்டருக்கு விஜிஏ வயர், புது லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ மட்டும். அடாப்டர் ஒன்றை ஒவ்வொரு புரொஜெக்டர் வயரிலும் கட்டியே வைத்துவிடுங்கள், ஆசிரியர் கையில் கொடுத்தால் தொலைந்துபோகும். சிடி டிரைவ் இருக்காது, ஆங்கில லேப் சிடிகளை முன்கூட்டியே ஃபைலாக எடுத்து வையுங்கள். மெல்லிய லேப்டாப்புகளில் லேன் வயருக்கும் துளை இருக்காது. சில புது மாடல்களில் வலப்பக்கக் கன்ட்ரோல் விசை இருந்த இடத்தில் கோபைலட் விசை இருக்கிறது, வேகமாக அடிப்பவர்களுக்கு அதை முன்பே காட்டிவிடுங்கள்.

6. நகல்

ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரே பென்டிரைவை எல்லா லேப்டாப்பிலும் மாற்றி மாற்றிச் செருகினால் ஒன்றில் இருக்கும் ஷார்ட்கட் வைரஸ் புதியவை அத்தனையிலும் ஏறிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் ஆளுக்கொரு ஃபோல்டர், முழுதாக வைரஸ் சோதனை, அதன் பிறகே புதியது.

நகல் முடிந்ததும் பழைய ஃபோல்டரையும் புதியதையும் வலது கிளிக் செய்து ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். 3,418 இருந்த இடத்தில் 3,391 என்றால் 27 எங்கே என்று தேட வேண்டும். பெரும்பாலும் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று பாதையின் பெயர் மிக நீளமாகப் போன ஃபைல்கள்தான் நகலாகாமல் நிற்கும். பிறகு ஆசிரியரையே அழைத்து, அவருக்கு முக்கியமான ஐந்து ஃபைலைப் புதியதில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் வாயால் "இருக்கு சார்" என்று சொன்ன பிறகு நோட்டில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

7. ஒரு பீரியட் பயிற்சி

ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துப் புரொஜெக்டரில் விண்டோஸ் 11 காட்டுவது வீண் வேலை. ஐந்தாறு பேராக, ஒரே மாதிரி வேலை செய்பவர்களாகச் சேர்த்து, நாற்பது நிமிடம். நாம் மவுஸைத் தொடக் கூடாது. இது கஷ்டம், கை தானாக நீளும், பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

அவர்கள் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்: தமிழில் பத்து வரி அடித்துச் சேமிப்பது, அதை மூடிவிட்டு மறுபடி தேடித் திறப்பது, ஸ்டாஃப் ரூம் பிரிண்டரில் அச்செடுப்பது, புரொஜெக்டரில் காட்டுவது, இஎம்ஐஎஸ்ஸில் நுழைந்து வெளியே வருவது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருப்பது, வலது கிளிக்கில் பழைய பட்டியல் வேண்டுமானால் இன்னொரு கிளிக் தேவைப்படுவது போன்றவை இதைச் செய்யும்போது தானாகவே வந்துவிடும். குறுக்குவழி விசைகள் இரண்டே இரண்டு போதும், மொழி மாற்ற விண்டோஸும் ஸ்பேஸும், புரொஜெக்டருக்கு விண்டோஸும் பி-யும். இந்த இரண்டையும் சின்னத் தாளில் தமிழில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தோம்.

வயதில் மூத்தவர்கள் இளையவர்கள் முன்னால் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்குத் தனியாக, முடிந்தால் அவர்கள் இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுங்கள். மாணவனைக் கூப்பிட்டு "மிஸ்ஸுக்குக் காட்டுப்பா" என்று சொல்லாதீர்கள், அது அவர்களை வருத்தும், ஆசிரியரின் லேப்டாப்பில் மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்ணும் முகவரியும் இருக்கிறது என்பதும் உண்டு.

8. முதல் இரண்டு வாரம்

பழைய லேப்டாப்பைப் பிடுங்காதீர்கள். சார்ஜரோடு ஸ்டாஃப் ரூம் அலமாரியில், கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கும்படி வைத்திருங்கள். அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும், எங்கள் பள்ளியில் ஏழு பேர்தான் திரும்பக் கேட்டு வந்தார்கள். காலை பிரேயருக்கு முன் பதினைந்து நிமிடமும் மாலை மணி அடித்த பிறகு அரை மணி நேரமும் நான் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் பதில் சொல்வதைவிட இது வேகமாக முடிந்தது, ஒருவர் கேட்பதைப் பக்கத்தில் இருப்பவரும் கேட்டுக்கொள்வார்.

9. பழைய லேப்டாப்பை என்ன செய்வது

குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் ஒரு தேர்வு முடியும் வரை அப்படியே வையுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் "அழிக்கலாமா?" என்று கேட்டு நோட்டில் இரண்டாவது கையெழுத்து. விண்டோஸை ரீசெட் செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அமைப்புகளை மாற்று என்ற இடத்துக்குப் போய்த் தரவைச் சுத்தம் செய் என்பதையும் ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் மீட்பு மென்பொருள் வைத்து மாணவர் ஆதார் நகலையும் சாதிச் சான்றிதழையும் திரும்ப எடுத்துவிட முடியும். ஓடாமல் போன லேப்டாப் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின் கீழ் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள். அவரிடம் ரசீது வாங்கி, இருப்புப் பதிவேட்டில் அந்தந்த வரிசை எண்ணுக்கு நேரே ரசீது எண்ணையும் தேதியையும் எழுதி, ஹெச்எம் கையெழுத்தோடு கழித்துவிடுங்கள்.